61ஆவது குழந்தை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மதுராந்தகத்தில் கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் ஒரே பேச்சுதான்: குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் என்னிடம், "அக்கா, கவர்ன்மென்ட் ஸ்கூல்ல மூணாவது, நாலாவது, அஞ்சாவது எல்லாம் ஒரே ரூம்லயாம். மொத்தமே ரெண்டு டீச்சர்தானாம். எப்படிக்கா சேக்கறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஏன் இரண்டே டீச்சர் என்று விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 முதல் 90 வரை மூன்று; 91 முதல் 120 வரை நான்கு. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே! இரண்டு அடுப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பதார்த்தம் வைக்கிற கதைதான். ஒன்றைக் கிளறப் போனால் இன்னொன்று அடிப்பிடிக்கும். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ லீவிலோ போய்விட்டால் மிஞ்சுவது ஒரே அடுப்பு.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். அதிகப்படியாகத் தெரிந்தால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். இதற்குப் 'பணி நிரவல்' என்று பெயர். டீச்சர் இல்லை என்று நாம் பிள்ளையை எடுக்கிறோம்; பிள்ளை குறைந்துவிட்டது என்று அவர்கள் டீச்சரை எடுக்கிறார்கள். நடுவில் அகப்பட்டுக்கொள்வது, வேறு பள்ளிக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுக் குழந்தை!

இதற்காகப் பெற்றவர்களையே குறை சொல்லிவிட முடியாது. அனுமதித்த இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அப்படியானால் இரண்டு இடம் உள்ள பள்ளியில் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்? 2022இல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று முதலில் அறிவித்து, பிறகு 12,000 ஆக்கினார்கள். அந்தச் சம்பளத்தில் ஒருவர் எத்தனை நாள் தங்குவார்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போட வேண்டும். 2024-25க்கான மத்திய அரசின் பங்கு வரவில்லை என்று தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பெரியவர்கள் வழக்காடுகிற வருஷத்திலும் குழந்தைக்கு ஒரு வயசு ஏறிவிடுகிறதே!

சகோதரிகளே, நம் கையிலும் ஒன்று இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை இடம் காலி? எப்போது நிரப்புவீர்கள்?" என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டுக்கு முன்னால், பள்ளி வயது வந்த பிள்ளைகள் யார் யார் என்று தெருவில் விசாரியுங்கள். 60 பேர் உள்ள பள்ளிக்கு இன்னும் ஒரே ஒரு குழந்தை சேர்ந்தால் மூன்றாவது டீச்சரை உரிமையோடு கேட்கலாம். அந்த 61ஆவது குழந்தை உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.