இரண்டு மீட்டர் குழாய்

வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார்கள். டர்போவையும் கேம் ஷாஃப்டையும் பற்றிப் பேசுவார்கள். சைலன்சரின் ஓசையைக்கூட மணிக்கணக்கில் விவரிப்பார்கள். தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசேர்க்கும் குழாயைப் பற்றிப் பேசுவோர் அரிது. சிறிய பந்தய வண்டியொன்றில் அதன் நீளம் இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். வண்டி தீப்பற்றிய பிறகுதான் எல்லோருக்கும் அந்தக் குழாய் நினைவுக்கு வருகிறது.

மும்பையில் பெட்ரோல் பிறக்கும் இடமும் அது எரியும் இடமும் அருகருகே இருக்கின்றன. செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950-களின் நடுவில் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அங்கிருந்து சில கிலோமீட்டரில் தாராவி; தாராவியை ஒட்டினாற்போல் மாட்டுங்கா. மூன்று ஊரிலும் தமிழ் கேட்கும், ஆனால் ஒரே தமிழ் அல்ல. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு மிகுதி. மாட்டுங்காவில் பாலக்காடு, தஞ்சாவூர் வழி வந்த குடும்பங்களின் பேச்சு. செம்பூரில் இரண்டும் ஒரே காய்கறிக் கடையில் நிற்கும்.

அறுபதடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இந்தக் குழாய் வேலையை மட்டுமே பெரும்பாலும் செய்துவருகிறார். பையனாக இருந்தபோது அவர் கைக்கு வந்த முதல் வண்டிகள் ஃபியட் டாக்ஸிகள். பம்பாய்க்காரர்கள் கடைசிவரை ‘ஃபியட்’ என்றே அழைத்த பிரீமியர் பத்மினி, குர்லாவில் தயாரானது, 1089 சி.சி. எஞ்சின். அதன் பெட்ரோல் பம்பை எஞ்சினின் கேம் ஷாஃப்டே அசைக்கும். உள்ளே ஒரு சவ்வு மேலும் கீழுமாக ஆடி, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும். அழுத்தம் கால் பார் அளவுதான். ரப்பர் குழாயைச் செருகி, திருகுக் கிளிப் ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. கசிந்தால் சொட்டும்; சொட்டினால் வாடை வரும்; வாடை வந்தால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவார். மே மாத வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் போதும். பிழையைப் பொறுத்துக்கொள்ளும் குழாய் அது.

அந்தப் பட்டறைக்குத்தான் மாட்டுங்காவில் பொறியியல் படிக்கும் மாணவன் ஒருவன், ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியின் பின்பாதிச் சட்டத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டிகளுக்காக நாடெங்கும் கல்லூரி மாணவர்கள் இத்தகைய வண்டிகளைத் தாமே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின். அது மூச்சு வாங்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே போக வேண்டும் என்பது விதி. குழாய்க்கும் விதிகள் உண்டு. முதல் உரையாடலே ஒரு கிளிப்பைப் பற்றி அமைந்தது.

“அண்ணா, இந்தக் கிளிப் போட்டா ஸ்க்ரூட்டினில விட மாட்டா.”

“ஏன் தம்பி? பம்பாய் டாக்ஸி பூரா இந்தக் கிளிப்புலதான ஓடுச்சு!”

‘அண்ணா’ என்பதும் ‘மாட்டா’ என்பதும் மாட்டுங்கா. ‘பூரா’வும் ‘ஓடுச்சு’வும் தாராவி. மொழியியலாளர்களுக்கு இந்த ஒரு பரிமாற்றமே ஒரு வகுப்புக்குப் போதும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது கிளிப். திருகுக் கிளிப்பின் பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். முறுக்க முறுக்க ரப்பர் அத்துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும், பட்டையின் விளிம்பும் குழாயைக் கடிக்கும். எனவே போட்டி விதி அதை முற்றாக விலக்குகிறது. குழாயை 360 பாகையும் சுற்றி அணைக்கும் பட்டை, மடித்துருட்டிய விளிம்பு, இறுக்குவதற்கு நட்டும் போல்ட்டும்: இம்மூன்றும் உள்ள கிளிப் மட்டுமே செல்லும். இன்ஜெக்டர் வைத்த எஞ்சினில் குழாயழுத்தம் 3 பாருக்குக் குறையாது, அதாவது ஃபியட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் ஊசிமுனைக் கசிவு சொட்டாது; புகைபோல் பீய்ச்சும். சூடான எக்ஸாஸ்ட் குழாய் ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

விதியைக் கேட்ட மெக்கானிக் மறுக்கவில்லை. கிளிப்பைக் கையில் உருட்டிப் பார்த்து, “இது காஸ்காரன் புத்தி” என்றார். பாராட்டுத்தான். அதன் பொருள் விளங்க இந்நகரத்தின் ஒரு பத்தாண்டுக் கதை தேவைப்படுகிறது.

மும்பையில் குழாய் எரிவாயுவும் சி.என்.ஜி.யும் வழங்கும் மஹாநகர் காஸ் நிறுவனம் 1995-இல் தொடங்கப்பட்டது. வாகனப் புகையைக் குறித்து மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் தலையிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பழைய டாக்ஸிகள் கூட்டங்கூட்டமாக சி.என்.ஜி.க்கு மாறின. ஆய்வேடுகள் இதைச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வரலாறாக எழுதும். பட்டறையிலிருந்து பார்த்தால் அது குழாய்த் தொழிலின் புரட்சி. கால் பார் அழுத்தத்தில் பழகிய கைகள் திடீரென 200 பாரைத் தொட்டன. டிக்கியில் உருளை, அதன் வால்வைச் சுற்றி, கசிந்த வாயுவை வண்டிக்கு வெளியே தள்ளும் உறை, அங்கிருந்து அடித்தளத்தின் கீழாக ஓடும் ஒல்லியான எஃகுக் குழாய், அதிர்வைத் தாங்குவதற்காக அதில் பன்றிவால் போல் ஒரு சுருள், எஞ்சின் அறையில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். விரியும் வாயு கடுங்குளிர் அடைந்து ரெகுலேட்டரை உறையவைக்கும் என்பதால் ரேடியேட்டரின் வெந்நீரை அதனுள் சுற்றவிட வேண்டும். குழாயின் இணைப்பில் ஃபெரூல் என்னும் சிறு வளையம். நட்டை முறுக்கும்போது அது குழாயைக் கவ்விக்கொள்ளும். இருக்க வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கினால் வளையம் நசுங்கி, இறுக்கியதாலேயே கசியும்.

பட்டறைச் சொற்களில் இந்த மாற்றம் பதிந்திருக்கிறது. பம்பாய்த் தமிழ்ப் பட்டறையில் பொருட்பெயர் பெரும்பாலும் இந்தியோ மராத்தியோ ஆங்கிலமோதான். ஸ்பேனருக்குப் ‘பானா’; 10-11 அளவுள்ள ஸ்பேனர் ‘தஸ்-கியாரா’; கார்புரேட்டரில் அடைத்த தூசி ‘கச்ரா’. “தஸ்-கியாராவை எடுலே, கச்ராவை ஊது” என்பதில் வேற்றுமை உருபும் வினையும் தமிழ், மீதி ஊரார் வீட்டுச் சொத்து. மொழிக்கலப்பு என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இறுக்கத்தை மதிப்பிடும் இடம் வந்ததும் கடன்சொல் நின்றுவிடுகிறது. கிளிப்பை ‘அணைச்சு’ விட வேண்டும், ஃபெரூலைக் ‘கவ்வ’விட வேண்டும், வடிகட்டியின் மூடியைக் ‘கையிறுக்க’த்தோடு நிறுத்த வேண்டும். ‘பதம்’ என்று பொதுவாக ஒரு சொல், பாகு காய்ச்சுபவர் சொல்லும் அதே சொல். கலைச்சொல்லாக்கம் செய்வோர் கார்புரேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் பெயர் தேடி மாய்கிறார்கள். இல்லாமல் வண்டி ஓடாத வினைச்சொற்கள் ஏற்கெனவே தமிழில் இருப்பதை எந்தச் சொற்பட்டியலும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

மாணவன் கொண்டுவந்த வேலையில் அடுத்த சிக்கல் இணைப்புகளில் இருந்தது. பந்தய வண்டிகளில் வழங்கும் ஏ.என். இணைப்புகள் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் தமக்குள் பொதுவாக்கிக்கொண்ட அளவுமுறையிலிருந்து வந்தவை. ‘ஆறாம் நம்பர்’ என்றால் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு. இணைப்பின் கூம்பு 37 பாகைச் சாய்வில் கடைந்திருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் மற்றொரு வகையின் கூம்பு 45 பாகை. சில அளவுகளில் இரண்டின் மரையும் ஒன்றே. ஒன்றுக்குள் ஒன்று அழகாக ஏறும். மேசையின் மேல் எந்தக் குறையும் தெரியாது. ஓடும் வண்டியின் அதிர்வில் மட்டும் கசியும். மாணவன் கொண்டுவந்த பையில் இரு வகையும் கலந்திருந்தன. போதாததற்கு, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதைப் போல மரைமேல் வெள்ளை டெஃப்லான் நாடாவையும் சுற்றியிருந்தான்.

“மூடறது மரை இல்ல தம்பி, மூக்கு” என்று சொல்லி நாடாவை நகத்தால் உரித்தார் மெக்கானிக். கூம்பின் மூக்கும் அதை ஏற்கும் குழிவும் உலோகத்தோடு உலோகமாக அமர்வதே அடைப்பு. மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே. நாடா அங்கே எதையும் அடைப்பதில்லை. அதிலிருந்து பிரியும் இழை ஒன்று இன்ஜெக்டரின் துளைக்குப் போனால், அதுவும் கச்ராதான். பம்புக்கு முன் 100 மைக்ரான் வடிகட்டியும் பின் 10 மைக்ரான் வடிகட்டியும் வைக்கும் வழக்கம் இதற்காகவே. முன்னே நுண்ணிய வடிகட்டியை வைத்தால் பம்பு உறிஞ்சத் திணறும்; பின்னே பெரிய கண்ணை வைத்தால் இன்ஜெக்டர் அடைபடும்.

குழாயின் ரப்பரும் பேச்சுக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உப்பும், உள்சுவர் பிரியும், காய்ந்தால் வெடிக்கும். டாக்ஸிக் காலத்தில் மீட்டர் கணக்கில் வாங்கிய சுருள் ஒன்று பட்டறைச் சுவரில் இன்னமும் தொங்குகிறது. அதைத் தொடாமல், உள்ளே டெஃப்லானும் வெளியே எஃகுப் பின்னலும் உள்ள குழாயை வாங்கிவரச் சொன்னார். விலையைக் கேட்ட மாணவனின் முகம் வாடியதும் உண்மை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது தொட்டி. நேர்ச்சாலையில் பெட்ரோல் தொட்டியின் அடியில் கிடக்கும். பந்தயத் திருப்பத்தில் வண்டி ஒரு ‘ஜி’ விசையில் திரும்பினால் அதன் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். உறிஞ்சும் வாய் மறுபக்கம் இருந்தால் அது காற்றைக் குடிக்கும். எஞ்சின் சட்டென்று நின்றால் நல்லது. நிற்காமல், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் முழு வேகத்தோடு சில நொடிகள் ஓடினால் பிஸ்டன் உருகும். இதற்கான விடை, பெரிய தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே செம்பு அளவில் ஒரு சிறு கலம்; எஞ்சின் எரிக்காத பெட்ரோலும் திரும்பி அதற்குள்ளேயே விழும். எவ்வளவு சாய்ந்தாலும் அந்தச் செம்பு நிறைந்தே இருக்கும். அலுமினியத் தகட்டில் அதைப் பற்றவைக்க ஒரு பகல் ஆயிற்று.

இந்த வண்டி தெருவில் ஓடாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளரின் அடிப்படை வடிவக்குறிப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி. மாற்றத்துக்குச் சட்டத்திலேயே வழி உண்டு. அதிலும் உருளையை 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தெரு வண்டிக்கு டர்போ மாட்டக் கேட்டு வரும் இளைஞர்களை இந்த மெக்கானிக் திருப்பியனுப்பிவிடுகிறார். பத்மினிகளோ 2023 அக்டோபர் இறுதியோடு டாக்ஸித் தொழிலிலிருந்து முற்றாக விடைபெற்றுவிட்டன.

போட்டியில் வண்டியைத் தொட்டி நிறைய எரிபொருளோடு 60 பாகை சாய்த்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் ஓடவிட மாட்டார்கள். மாணவன் அதைப் பெட்ரோல் ஊற்றியே பட்டறையில் சோதித்துவிட விரும்பினான். மெக்கானிக் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

“பக்கத்துச் சுவருக்கு அந்தாண்ட அடுப்பு எரியுது. மேல மாடியில மூணு பிள்ளைங்க தூங்குது. இங்க பெட்ரோல் கிடையாது.”

எனவே சோதனை இரண்டாகப் பிரிந்தது. குழாய்களின் இரு முனையையும் அடைத்து, கம்ப்ரஸரால் 4 பார் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைப் பூசினார். காஸ் வண்டிகளிடம் கற்ற வழக்கம். இரண்டு இணைப்புகளில் குமிழி எழுந்தது. ஒன்று 45 பாகைக் கூம்பு, தப்பி உள்ளே புகுந்தது. பிறகு, பம்பு பொருத்தாத தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாளை விரித்து, நான்கு பேர் சட்டத்தைத் தூக்கிச் சாய்த்தார்கள். மாணவன் கைப்பேசியில் பாகையைப் படித்தான். நாற்பது, ஐம்பது. ஐம்பத்திரண்டில் தாளின் மேல் ஒரு வட்டம் விரிந்தது.

பெட்ரோல் போகும் குழாய்கள் எல்லாம் உலர்ந்திருந்தன. தண்ணீர் வந்தது காற்றுக் குழாயிலிருந்து. தொட்டி காலியாகும்போது உள்ளே காற்று புக விடும் மெல்லிய குழாய் அது. பெட்ரோல் பாதையின் வரைபடத்தில் மாணவன் அதை வரையவே இல்லை. சாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வு ஒன்றை அதில் பொருத்தி, முனையைச் சட்டத்துக்கு வெளியே கீழ்நோக்கித் திருப்பிவிட்டார்கள். வால்வு தேடி மாணவன் இரண்டு நாள் அலைந்தான். மூன்றாம் நாள் 60 பாகையில் ஐந்து நிமிடம் பிடித்து நின்றார்கள், தாள் நனையவில்லை. தோள் வலித்த நால்வரும் இறக்கிவைத்துவிட்டு டீ சொன்னார்கள்.