மார்கழிப் பிரயாணமும் மடியில் குழந்தையும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் பெரிதாகிவிடுகின்றன. வாசலில் கோலம், உள்ளே ஊருக்குப் போகும் பேச்சு. ஸ்ரீபெரும்பூதூரில் தொடங்கி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரையில் நீண்டு கிடக்கும் தொழிற்சாலைப் பிரதேசத்தில் இந்தப் பேச்சு மற்ற இடங்களைவிடச் சற்று உரக்கவே கேட்கும். இங்கே குடியிருப்பவர்களில் பலருக்குச் சொந்த ஊர் வேறு. "உன் ஊர் எது, அப்பா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் என்றுதான் பதில் வருகிறது.

இந்தப் பிரதேசத்தின் கதையே விந்தையானது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த பூமி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலையும் வந்தன. இன்று விடியற்காலையில் சாலையோரம் நின்றால், பனிமூட்டத்தினூடே ஷிப்டு பஸ்கள் வரிசையாக வருவதையும், புத்தம்புதுக் கார்களை அடுக்கடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட டிரெயிலர் லாரிகள் புறப்படுவதையும் காணலாம்.

இப்படிக் கார் செய்யும் ஊரிலே காரில் பிரயாணம் செய்யும் கலை மட்டும் இன்னும் கைகூடவில்லை என்பதே நம் அபிப்பிராயம். வழக்கமாக நடப்பது என்ன? தகப்பனார் வேலை முடிந்து வீடு திரும்புகிறார். சாப்பிட்டதும் மூட்டைகளை ஏற்றுகிறார். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் காலைக் காப்பிக்குத் திருநெல்வேலி என்பது கணக்கு. தாயார் முன் ஆசனத்தில் அமர்கிறாள். அவள் மடியில் மூன்று வயதுக் குழந்தை. "குழந்தை தூங்கிவிடும், தொந்தரவு இராது" என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். குழந்தை தூங்கிவிடும் என்பது வாஸ்தவந்தான். அதிகாலை மூன்று மணிக்குத் தகப்பனாரும் தூங்கிவிட்டால் என்ன செய்வது?

பகலெல்லாம் இயந்திரத்தோடு நின்ற உடம்பு இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உறக்கத்தைக் கேட்கும். காப்பியும் சினிமாப் பாட்டும் அதைக் கொஞ்சம் ஒத்திப்போடுமே தவிர ஒழித்துவிடாது. அந்த நேரத்திலேதான் சாலையோரத்தில் விளக்கின்றி லாரிகள் நிற்கும், பனியும் இறங்கும். போகிப் பண்டிகையின்போது இதனோடு புகையும் சேர்ந்துகொள்ளும். 2018-ஆம் வருஷம் போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயிற்று என்றால், சாலையில் போகும் கார் எம்மாத்திரம்?

மடியைப் பற்றியும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தையின் எடை 15 கிலோ. மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதிப் பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் தாயின் கைகளில் குழந்தையின் பாரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும்; அதாவது நான்கு சிமெண்டு மூட்டைகள்! எந்தத் தாயின் அன்பும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஆகையால் குழந்தைக்கென்று செய்த தனி ஆசனத்தைப் பின் இருக்கையில் பொருத்தி, வார் பூட்டி உட்கார்த்துவதே முறை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை அவ்வாறு பாதுகாக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்தல்ல, அந்த நான்கு மூட்டைகளை நினைத்தே இதைச் செய்ய வேண்டும்.

சரி, திட்டம் எப்படி இருக்கலாம்? ஒரகடத்திலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 600 கிலோ மீட்டர். இதை இரண்டு பகல்களாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி, பொழுது விடிந்து பனி விலகிய பிறகு புறப்படலாம். பண்டிகை நாட்களில் தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கம் வண்டிகள் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். நம் பிரதேசத்துக்காரர்களுக்கோ அந்த அவஸ்தை இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் நேரே திருச்சி சாலையைப் பிடித்துவிடலாம்.

இரண்டு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திக் குழந்தையை ஓடவிட வேண்டும். முதல் ஓய்வுக்கு வேடந்தாங்கல் போல் ஓர் இடம் வேறு இல்லை. மதுராந்தகத்துக்கு முன்னால் சாலையைவிட்டுச் சற்றே மேற்கே திரும்பினால் போதும். நவம்பர் முதல் மார்ச் வரையில் அந்த ஏரியின் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. கும்பெனிச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, கிராமவாசிகள் முறையிட்டு 1798-ல் கலெக்டரிடம் உத்தரவு வாங்கித் தடுத்தார்கள். பறவை எச்சத்தால் உரமேறிய ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் பாய்ந்தது. குழந்தைக்கு இந்தச் சரித்திரம் புரியாவிட்டாலும் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவையைப் புரிந்துகொள்ளும்.

அன்று மாலை திருச்சியில் தங்கலாம். ஸ்ரீராமாநுஜர் அவதரித்தது ஸ்ரீபெரும்பூதூர்; வாழ்ந்தது ஸ்ரீரங்கம். அவர் கால்நடையாகக் கடந்த தூரத்தை நாம் ஒரு பகலில் கடந்துவிட்டு, "நேரமாகிவிட்டதே!" என்று அலுத்துக்கொள்வது நியாயமா? மறுநாள் விராலிமலையில் மயில். மதுரையில் மதிய போஜனம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய். விளக்கு வைக்கும் நேரத்தில் திருநெல்வேலி.

மூட்டையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இட்லி, தயிர் சாதம், பிளாஸ்கில் வெந்நீர், இரண்டு மாற்று உடை, கம்பளிக் குல்லாய், வைத்தியர் அளவு சொல்லிக் கொடுத்த ஜுர மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். வளைந்த பாதையில் குமட்டுகிற குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. கையில் செல்போனும் கூடாது. ஆபத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

புறப்படுமுன் வானிலை அறிக்கையைப் பார்ப்பது மிகவும் முக்கியம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் மழை சென்னையை முழுக்காட்டியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தெற்கே பெய்த பேய் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சிக்கிக்கொண்டார்கள். புறப்படும் ஊரில் வெயில் அடிப்பதால் போய்ச் சேரும் ஊரிலும் வெயில் என்று அர்த்தமல்ல. மழை எச்சரிக்கை இருந்தால் பிரயாணத்தை ஒத்திப்போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

"இரண்டு நாள் லீவு வழியிலேயே போய்விடுமே!" என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொழிற்சாலைச் சங்கு கொடுக்கும் லீவு மிகவும் சொற்பம். ஆனால் பாட்டியும் தாத்தாவும் வாசலில் காத்திருப்பது காருக்காக அல்ல, பேரக் குழந்தைக்காக. இரவு முழுதும் திண்ணையில் கண் விழித்து அவர்கள் கவலைப்படுவதைவிட, ஒரு நாள் தாமதமாக, சிரித்த முகத்தோடு குழந்தை வந்து இறங்குவதையே விரும்புவார்கள். லீவு கேட்கும்போதே அந்த ஒரு நாளையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.