பாட்டுப் புத்தகமும் டி-சட்டையும்

இசை நிகழ்ச்சிகளில் விற்கும் நினைவுப்பொருள்களில் இரண்டு வகை உண்டு. நிகழ்ச்சி நடந்த நாளையும் இடத்தையும் தாங்கி வருவது ஒன்று. கலைஞரின் முகத்தை மட்டும் தாங்கி வருவது மற்றொன்று. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஏ.ஆர்.ரஹ்மான் 2023 ஜனவரி 28 அன்றும், கோல்ட்பிளே குழு அதே ஆண்டு நவம்பர் 22 அன்றும் நிகழ்ச்சி நடத்தினர். இத்தகைய பெருநிகழ்ச்சிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது அடிக்கடி நடக்கின்றன. நுழைவுச்சீட்டு, போக்குவரத்து, சாப்பாடு என்று கைக்காசு கரைந்த பிறகு, வாசலில் தொங்கும் சட்டைக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது.

அதிகாரபூர்வக் கடையில் கொடுக்கும் பணத்தில் துணிக்கும் அச்சுக்கும் போவது சிறு பங்குதான். சான்பிரான்சிஸ்கோவில் இசை நிகழ்ச்சி அமைப்பாளர் பில் கிரஹாம் 1970களின் தொடக்கத்தில் விண்டர்லேண்ட் புரொடக்‌ஷன்ஸ் மூலம் இந்த விற்பனையைத் தனித் தொழிலாக வளர்த்தார். அன்றிலிருந்து உரிமம் பெற்றவர், அரங்கத்தார், கலைஞர் எனப் பலரும் பங்கு போடுகிறார்கள். பிரிட்டனில் சில அரங்குகள் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வரை தரகு பிடிப்பது கலைஞர்களுக்குப் பெருங்குறை. தரகே கேட்காத அரங்குகளின் பட்டியலை அங்குள்ள ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோஅலிஷன் என்ற கலைஞர் அமைப்பு 2022இல் வெளியிட்டது. அரங்குக்கு வெளியே பாய் விரித்து விற்கும் சட்டை மலிவுதான். ஆனால் அதில் ஒரு காசும் பாடியவருக்குப் போகாது. தம் பெயரையும் உருவத்தையும் குரலையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென ரஜினிகாந்த் தரப்பு 2023 ஜனவரியில் பொது அறிவிப்பே கொடுத்தது.

அதே ரஜினியின் ‘கபாலி’ 2016இல் வந்தபோது, முத்தூட் ஃபின்கார்ப் நிறுவனம் அவர் உருவம் பொறித்த வெள்ளி நாணயங்களை விற்றது. மலேசியாவைக் கதைக்களமாகக் கொண்ட அந்தப் படத்தை ஒட்டி வந்த பொருள்களில், விலையில் ஒரு பங்குக்கு ஈடு உள்ளேயே இருந்தது இந்த நாணயத்துக்குத்தான். உலோகத்தின் மதிப்பு ரசிகரின் மனநிலையைப் பொறுத்து மாறுவதில்லை.

டி-சட்டையின் தரத்தை வாங்கும் இடத்திலேயே ஓரளவு சோதிக்கலாம். நல்ல சட்டையில் மை துணியின் இழையோடு பிடித்திருக்கும். திரை அச்சுக்கு வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் முழுதாக இறுகும். அவசரத்தில் சூடு குறைத்து எடுத்த அச்சு, விரலால் இழுத்துப் பார்த்தால் நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். சில சலவைகளில் நாயகனின் மூக்கு உதிர்ந்துவிடும். படத்தை வெட்டி இஸ்திரிச் சூட்டில் ஒட்டிய சட்டை இன்னும் மோசம். கோலாலம்பூர் வெயிலில் மார்பில் ரப்பர் தாள் போல ஒட்டி வியர்வையை அடைத்துவிடும். அடிக்கடி உடுத்துகிறவருக்குத்தான் சட்டை லாபம். பத்திரமாக மடித்து வைக்கப்போகிறவர் வேறு பொருளை வாங்குவது நல்லது.

கொரிய இசைக்குழுக்கள் பரப்பிய லைட்ஸ்டிக் இப்போது தமிழ்ப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. பிக்பேங் குழுவின் கிரீட வடிவ விளக்கோடு 2006இல் தொடங்கிய வழக்கம் இது. இன்றைய விளக்கைக் கைப்பேசிச் செயலியில் இருக்கை எண்ணோடு இணைத்துவிட்டால், அரங்கமே ஒரே நிறத்தில் மாறும்போது அதுவும் மாறும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அது தரும் மகிழ்ச்சி உண்மையானது. அதே குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் போட்டால் கசிந்து உள்தகடு பச்சை பூத்துவிடும். கோல்ட்பிளே நிகழ்ச்சிகளில் தரும் ஒளிவளையத்துக்கு விலை இல்லை. திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஊரில் இன்னொருவர் கையில் ஒளிரும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் எரியாது.

தமிழரின் கேளிக்கைகளில் காசுக்கு மிஞ்சிய பயன் தந்த நினைவுப்பொருள் எதுவென்றால், சினிமாக் கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். மட்டமான தாளில் எட்டு முதல் பதினாறு பக்கம், ஒரே நிற மையில் மங்கிய அட்டைப்படம், உள்ளே நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள், அடுத்துக் கதைச்சுருக்கம். அந்தச் சுருக்கம் நாயகி ஆபத்தில் சிக்கும் இடத்தில் நின்று, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லும். பிறகு பாடல்கள் வரிசையாக வரும். 1930களின் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். இன்னாருடைய புகழ்பெற்ற பாட்டின் மெட்டு என்ற குறிப்பும் சிலவற்றில் உண்டு. பின்னட்டையில் தைல விளம்பரம். படம் பார்த்தவர் மறுநாள் வீட்டில் பாடிப் பழக இது போதும். கிராமபோன் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு இதுவே இசைத்தட்டு.

அதன் அருமை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படச்சுருள் இன்று எங்கும் இல்லை. அந்தக் காலப் படங்களில் பலவும் இப்படியே அழிந்தன. அவற்றில் என்ன பாட்டு இருந்தது, யார் நடித்தார், கதை எப்படிப் போனது என்று ஆராய்ச்சியாளர் தேடும்போது கைகொடுப்பது இந்தத் தாள்கள்தான். திரைப்படத் தகவல் சேகரிப்பாளர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்துவைத்ததும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காத்துவருவதும் இத்தகைய சிறுபிரசுரங்களையும் சேர்த்துத்தான். தயாரிப்பாளர் கைவிட்டதை ரசிகர் பெட்டி காப்பாற்றியது. கோலாலம்பூர் கொலிசியம் போன்ற திரையரங்குகளில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த குடும்பங்களின் பழைய டிரங்குப் பெட்டியில் அத்தகைய புத்தகம் ஒன்று கிடைத்தால், அதைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுவது பெரும் இழப்பு.

பாட்டுப் புத்தக மரபு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வேறு உருவில் உயிரோடு இருக்கிறது. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போகிறவர் கையில் தரும் மலரில் அலாரிப்பு முதல் தில்லானா வரை உருப்படிகள் வரிசையாக இருக்கும். ராகம், தாளம், இயற்றியவர் பெயர் இருக்கும். நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், பாட்டு யார் யார் என்றும் இருக்கும். அது இலவசம். முப்பது நாற்பது பேர் வாசிக்கும் சினிமா இசை நிகழ்ச்சியிலோ, புல்லாங்குழல் வாசித்தவர் யார் என்று வெளியே வந்து கேட்டால் சொல்ல ஆளில்லை. அன்றைய பாடல் வரிசையையும் வாத்தியக்காரர் பெயர்களையும் நாளோடும் ஊரோடும் அச்சிட்ட பதினாறு பக்கப் புத்தகத்தை அமைப்பாளர்கள் போடட்டும். சட்டை விலையில் பாதி சொன்னாலும் அதற்குக் கொடுக்கலாம்.

நாளையும் ஊரையும் பதிவு செய்யும் வேலையை நுழைவுச்சீட்டும் ஒரு காலத்தில் செய்தது. இப்போது அது கைப்பேசித் திரையில் கியூஆர் குறியாக வந்து போகிறது. தாளில் கிடைத்தாலும் பெரும்பாலும் வெப்ப அச்சுத் தாள்தான். சூடும் வெளிச்சமும் பட்டால் சில ஆண்டுகளில் வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய வாரமே படமெடுத்துவைப்பது ஒன்றே வழி.

உள்ளூர்க் கலைஞர்களின் கணக்கு தனி. யோகி பி–நட்சத்திரா குழு ‘வல்லவன்’ ராப் இசைத்தொகுப்பை 2006இல் வெளியிட்டபோது குறுந்தட்டுக்குச் சந்தை இருந்தது. இன்று இணையத்தில் பாட்டு ஒருமுறை ஒலித்தால் கிடைப்பது மிகச் சொற்பம். கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ சிறு மண்டபத்தில் பாடி முடித்த இளைஞர், மேடை ஓரத்தில் மேசை போட்டுத் தானே விற்கும் சட்டையில் அசல் போக மிச்சம் அவருக்கே நேராகப் போகிறது. அடுத்த பாட்டின் ஒலிப்பதிவுக் கூலிக்கு அது உதவும். அங்கே பேரம் பேசாமல் வாங்கலாம்.

வாங்கியதைக் காப்பதும் செலவோடு சேர்ந்ததே. கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காடு. தாள்களை பிவிசி உறையில் வைத்தால் மை உறையில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் உறை நல்லது. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். பசை பூசிய ஆல்பத்தில் ஒட்டக் கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பசைதான் முதல் உணவு.