கட்டை வந்து கன்னத்துல குந்தணும்

பெங்களூர் லிங்கராஜபுரம் மேம்பாலத்தருகே ஆட்டோவை விட்டு இறங்கி இரண்டு சந்து நடந்தால் அந்த மரப்பட்டறை. வாசலில் ஒரு கதவு நிலை, பாதி முடிந்த கட்டில் கால்கள் நான்கு. துப்பாக்கிக்குக் கட்டை செய்பவர் என்று நண்பர் சொன்னதால் சுவரில் வரிசையாகத் துப்பாக்கிகள் மாட்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றுகூட இல்லை. வேளாங்கண்ணி மாதா படம், அதன் பக்கத்தில் ஒரு முருகன் காலண்டர், ஆணிகளில் விதவிதமான உளிகள், அவ்வளவுதான்.

“இரும்பு இங்க வராது சார். மரம் மட்டும்தான் வரும்” என்றார் மேஸ்திரி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கன்டோன்மென்ட்டுக்கு வந்த குடும்பம். பேச்சில் அந்த மண் இன்னும் இருக்கிறது.

அவர் சொன்னதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அதனால் குழலும் விசையும் உரிமம் பெற்ற கடையிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருந்துவிடும். தோளுக்கும் கன்னத்துக்கும் கொடுக்கிற மரக்கட்டை மட்டும் கழற்றப்பட்டு இங்கே வரும். குழலின் அளவுக்கு லேத்தில் கடைந்த ஓர் இரும்புத் தடியை மேஸ்திரி வைத்திருக்கிறார். அவருடைய துப்பாக்கி அதுதான்.

அன்று மேசைமேல் இருந்த கட்டை குடகிலிருந்து வந்தது. பழைய நூல் சேலையில் சுற்றி, சணல் கயிறு கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ .22 ரைஃபிளுடைய அக்ரூட் கட்டை. அப்பாவோ தாத்தாவோ வாங்கியதாக இருக்க வேண்டும். 1980-களின் நடுவிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. பதிவுபெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. ஆகவே நல்ல .22 ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால், நம் ஊரில் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். குழல் உள்ளே துரு தின்னாமல் இருக்கிறதா, குண்டு நுழையும் வாய் தேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றதை மரத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

.22 சின்னத் தோட்டா. பெரிய தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். இதில் விளிம்பு மடிப்புக்குள் இருக்கும். சுத்தி விளிம்பில் அடித்தால் வெடிக்கும். அடிபட்ட விளிம்பு நசுங்கிவிடுவதால் கூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. இன்று உலகமெங்கும் ஓடும் .22 லாங் ரைஃபிள் 1887-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி உருவாக்கியது. குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். தோளில் உதையே தெரியாது. பெருச்சாளி, முயல், தோட்டத்தில் பழம் தின்னும் பறவை இவற்றுக்கென்று அன்றைய தோட்டக்காரர்கள் வாங்கி வைத்தது இதைத்தான்.

உதையில்லாத துப்பாக்கிக்குக் கட்டை எப்படி இருந்தால் என்ன என்று கேட்டேன். மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“அங்கதான் சார் எல்லாரும் ஏமாறாங்க. இது மெதுவாப் போற குண்டு. விசைய இழுத்தப்புறமும் கொஞ்ச நேரம் குழலுக்குள்ளயே கீது. அந்த நேரத்துல தோள் அசைஞ்சா குண்டும் அசையும். பெரிய துப்பாக்கி மன்னிக்கும், இது மன்னிக்காது.”

வந்த கட்டையின் குறை என்னவென்றால், வெயில் காலத்தில் நேராகச் சுடுகிற ரைஃபிள் மழை காலத்தில் இடப்பக்கம் ஒதுங்கிச் சுடுகிறதாம். குடகு மழை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை ஈரம். உள்பள்ளத்தில் எண்ணெய் காய்ந்துபோன இடம் வழியாக மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. உப்பிய பக்கம் குழலை முட்டுகிறது.

எங்கே முட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். மண்ணெண்ணெய் விளக்கின் திரியை உயர்த்தி, கரும்புகை வர விட்டு, அந்த இரும்புத் தடியை மேலே காட்டித் திருப்பினார். தடி முழுக்க மெல்லிய கரி. அதைக் கட்டையின் பள்ளத்தில் மெதுவாக இறக்கி, இரண்டு கட்டை விரலாலும் ஒருமுறை அழுத்தி, நேராக மேலே தூக்கினார். வலப்பக்கம், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுண்டுவிரல் நீளத்துக்கு மரத்தில் கரி ஒட்டியிருந்தது. வளைவு உளியால் அந்தக் கறுப்பை மட்டும் வழித்தார். சுருளாகக்கூட வரவில்லை, பொடியாக வந்தது. மறுபடி கரி, மறுபடி அழுத்தம், மறுபடி உளி. பதினொரு தடவை எண்ணினேன். கடைசியில் ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தடிக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து இழுத்தார். எங்கும் சிக்காமல் முனையிலிருந்து உள்ளே வரை வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் உப்புக் காகிதம், அப்புறம் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். வெளியே பளபளப்பாக்குவதைவிட உள்ளே எண்ணெய் ஊட்டுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இத்தனை பாடுபட்டுச் சரிசெய்த ரைஃபிளால் எதைச் சுடுவார்கள்? 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைச் சுட்டாலும் குற்றம். காக்கை, பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றைத் தீங்குயிர் என்று வைத்திருந்த அட்டவணையையும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு தலைமுறைக் காலம் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தீர்த்தவர்கள் நாம்.

குடகின் பதில் தேங்காய். கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உள்ளவர்களுக்கும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. ஒன்றிய அரசு 2019-இல் அதை இன்னும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போடு திருநாளில் ஆயுதங்களைத் துடைத்து, பூ வைத்து வணங்குவார்கள். வைக்கிற பூ நம் செங்காந்தள். அங்கே அதற்குத் துப்பாக்கிப் பூ என்று பெயர். பிறகு மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடும் போட்டி. மழை முழுசாக ஓயாத மாதம் அது. இடப்பக்கம் ஒதுங்கும் ரைஃபிள் யாருக்கு வேண்டும்? சேலையில் சுற்றிய கட்டை ஏன் ஆகஸ்டில் வந்து சேர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஐம்பது மீட்டர் ஒலிம்பிக் போட்டியும் இதே .22-இல்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். 2024 பாரிஸில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்தப் பொத்தானைத் தொட்டுத்தான். இப்போதைய வீரர்கள் அலுமினியக் கட்டைக்கு மாறிவிட்டார்கள். திருகைத் திருப்பினால் நீளமும் உயரமும் மாறும். விலை எட்டாதவர்கள் மேஸ்திரியைத் தேடி வருகிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேர். மற்ற நாளெல்லாம் கதவும் கட்டிலும்தான் சோறு போடுகின்றன.

நான் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கையில் பழைய போட்டி ரக ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் இது முழுசாக உள்ளே வரலாம். முந்தைய சொந்தக்காரர் நெட்டையானவர். இவள் குட்டை, கண்ணைக் குறிபார்க்கும் துளைக்குக் கொண்டுவரக் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது.

“கண்ண மூடிக்கம்மா. மூடிக்கினே தோள்ல வை. ஆங். இப்ப தொற. என்னா தெரியுது?”

“மேல் பாதி இருட்டா இருக்குது தாத்தா.”

“நீ கன்னத்தக் கட்டைகிட்ட கொண்டுபோற. அப்டிப் போவக் கூடாது. கட்டை வந்து கன்னத்துல குந்தணும்.”

கன்னம் படும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இழைப்புளியால் இரண்டே இழுப்பு. பின்முனையில் முக்கால் அங்குலத்துக்கு அடையாளம் வைத்து, ரம்பத்தால் அறுத்தார். ரப்பர் தகட்டைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்னால், மறையப்போகும் அந்த மரத்தில் அவளுடைய அளவைப் பென்சிலால் எழுதினார்: பன்னிரண்டே முக்கால். அதன் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய பதின்மூன்றரை மங்கலாகத் தெரிந்தது. அதை அவர் அழிக்கவில்லை.

அவள் மறுபடி கண்ணை மூடித் தோளில் வைத்தாள். கண்ணைத் திறந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, உளியைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.