லைனுக்குப் போனவர்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் வானத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல, லாரியை நம்பத் தொடங்கி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல், போர்வெல் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு என்று பெயரே நிலைத்துவிட்டது. அங்கே ஒரு சிற்றூரில் அண்மையில் காலமான பெரியவர், கடைசிவரை அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். சொந்த வண்டி வாங்கும் ஆசை இருந்தது. மூன்று பெண்களின் கல்யாணம் அதை விழுங்கிவிட்டது.

தொடக்கம் கிளீனர் வேலைதான். தார்ப்பாய் கட்டுவது, டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்திலேயே காற்றை மதிப்பிடுவது, மலையேறும்போது வண்டி திணறினால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. அவர் கைக்கு ஸ்டீயரிங் வந்த காலத்தில் சாலையெங்கும் டாட்டா பென்ஸ்தான். 1954இல் தொடங்கிய பென்ஸ் கூட்டு 1969இல் முடிந்துபோன பிறகும் டிரைவர்கள் டாட்டா லாரியைப் ‘பென்ஸ் வண்டி’ என்றே சொன்னார்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. முழு லோடுடன் திருப்ப, தோள்பட்டைதான் பவர்.

1975இல் நேஷனல் பெர்மிட் வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் பெர்மிட்டுக்கு அலைந்த வண்டிகளுக்கு வடக்கே வழி திறந்தது. கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி வரை போன பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகவே போனது. சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர் என்று லைனுக்குப் போன அவர் ஆயுளில் பெரும்பகுதி அந்தச் சாலையில் கழிந்தது. இந்தியும் தெலுங்கும் டாபாக்களிலும் செக்போஸ்ட்களிலும் வாய்வழியாகக் கற்றவை.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மட்டும் அவர் யாரையும் பேசவிடமாட்டார். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால், இன்ஜின் பிடிமானம் போய் எடை முழுவதும் பிரேக் மீது விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இதை அவரிடம் கற்றவர்கள் பலர் இன்றும் ஓட்டுகிறார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதிவிட்டது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்த முதலாளிகளிடமே வேலை பார்த்தவருக்கு எட்டு மணியும் இல்லை, பி.எஃப்பும் இல்லை. சம்பளம், பேட்டா, அவ்வளவுதான்.

கண்ணும் சர்க்கரையும் அவரை வீட்டில் உட்கார வைத்தன. இரவில் தூக்கம் வராது. விடிந்தபின் அயர்வார். ‘வாங்கப்பா, சாப்பிடுங்க’ என்று விருந்தாளியை அழைப்பதுபோல் பெண்கள் அழைத்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்ட்கள் எடுக்கப்பட்ட செய்தியை டிவியில் கேட்டவர், தான் காத்துக் கிடந்த இரவுகளைப் பற்றிப் பேரனிடம் வெகுநேரம் பேசினாராம். வீட்டில் அவர் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

துக்கத்துக்கு வந்த பழைய கிளீனர் ஒருவர், “அண்ணன் வைக்கிற ரசத்துக்காகவே வேற வண்டிக்காரங்க தட்டத்தத் தூக்கிட்டு வருவாங்க” என்றார். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, வண்டி நிழலில் சமைத்து, கிளீனருக்குப் போட்டபின்தான் அவர் சாப்பிடுவாராம்.

அதுவரை அழுதுகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “ஊட்ல ஒரு சொம்புத் தண்ணி தானா மொண்டு குடிச்சதில்லீங்க இந்த மனுசன்!”

பந்தலே சிரித்துவிட்டது. பிறகு அவர் விடவில்லை. வேறென்ன சமைப்பார், யார் கற்றுக்கொடுத்தது என்று கிளீனரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.