மாடிப்படி விளக்கு

ரிடையரான புருஷர்களில் சிலர் கோயில் குளம் என்று போகிறார்கள். சிலர் சமையலறைக்குள் வந்து புளி என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இவர் டெலிஸ்கோப் வாங்கினார். நீளமான குழாய், அடியில் ஆறு அங்குலக் குழிவுக் கண்ணாடி, வாய்ப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று சாய்வாக நின்று, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலுள்ள காமிராவுக்குத் திருப்பி விடும்.

தை மாதத்தில், திருவாதிரை நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியுமே, அவற்றில் கிழக்கே இருப்பதை ஒட்டிக் குதிரைத் தலை போல் ஒரு தூசி மேகம் இருக்கிறது. அதைப் படம் பிடிப்பதுதான் இவருடைய லட்சியம்.

அந்தக் குதிரையைக் கண்டுபிடித்தது ஒரு பெண் என்று கேட்ட பிறகுதான் எனக்கும் சிரத்தை உண்டாயிற்று. வில்லியமினா ஃப்ளெமிங் என்ற அந்த அம்மாள் ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர். போன இடத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவரைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஹார்வர்ட் வானாராய்ச்சி சாலையின் தலைவர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். 1881-ல் பிக்கரிங்கே அவருக்கு ஆராய்ச்சி சாலையில் உத்தியோகம் கொடுத்தார். 1888-ல் ஒரு போட்டோத் தகட்டில், பிரகாசமான மேகத்துக்குள் கறுப்பாக ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்தார். தகட்டில் ஏதோ கறை என்று ஒதுக்காமல் குறித்து வைத்தார். பிற்பாடு அச்சான அட்டவணையில், கண்டுபிடித்தவர் பிக்கரிங் என்றுதான் போட்டார்கள். (நமக்கு இது புதிதா என்ன!)

இவர் படத்திலோ கறை மட்டும்தான் இருந்தது. ஒரு மூலையில் பால் சிந்தினாற்போல் வெளிச்சம். நிமிஷக் கணக்கில் காமிராவைத் திறந்து வைத்து எடுக்கும் படமாயிற்றே, மின்மினி அளவு வெளிச்சம் புகுந்தாலும் போதும்.

"எல்லாம் அந்த விளக்கு செய்கிற வேலை!" என்று அடுத்த வீட்டு மாடிப்படியைக் காட்டினார். மறுநாளே போய்ச் சொல்லியும் விட்டார்.

"பையன் டியூட்டி முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறான், ஸார். போன வருஷம் இருட்டில் படி தவறிக் காலை ஒடித்துக்கொண்டானே!" என்றாள் மாமி.

இவர் கேட்கவில்லை, குரல் உயர்ந்தது. அன்றிலிருந்து விளக்கு எரியவில்லை. மாமியும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இருபது வருஷத்துப் பழக்கம். ராத்திரி அந்தப் பிள்ளை தடவித் தடவி ஏறும் சத்தம் கேட்கும். படுத்தபடியே நானும் எண்ணுவேன். பதினெட்டுப் படி.

விளக்கு அணைந்தும் படத்தில் பால் சிந்திக்கொண்டேதான் இருந்தது.

"குழாயின் வாயை மூடிவிட்டு ஒரு படம் எடுங்களேன்" என்றேன். மூடினால் ஒரே கறுப்பாக அல்லவா விழ வேண்டும்? அதே மூலையில் அதே பால்! டார்ச்சைக் குழாயைச் சுற்றிக் காட்டிக் காட்டி எடுத்துப் பார்த்தோம். அடிக் கண்ணாடியைச் சுற்றிக் காற்றுப் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். அங்கே காட்டியபோது படமே வெளுத்துவிட்டது. அந்த இடைவெளிக்கு நேர் கீழே, ஸ்டூலின் மேல், பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது என்ன தெரியுமோ? இவருடைய லாப்டாப்!

என் பழைய கறுப்பு வெல்வெட் ரவிக்கையைப் பிரித்து, சுருக்குப் பை மாதிரி நாடா கோத்து அடியில் கட்டினேன். மீதித் துணியைக் காமிராவுக்கு எதிரே குழாயின் உட்புறத்தில் ஒட்டினோம். கறுப்புப் பெயிண்டானாலும், சாய்வாக விழும் வெளிச்சத்தில் பளபளக்கத்தான் செய்யும்; வெல்வெட் அதை விழுங்கிவிடும். கறுப்பு அட்டையைச் சுருட்டி வாயில் ஒரு முழம் நீட்டியும் விட்டோம். இனிப் பக்கத்திலிருந்து எந்த விளக்கும் சுலபமாக எட்டிப் பார்க்க முடியாது.

"இதை மாமியிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்" என்றேன்.

ஒரு நாள் முழுவதும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் போனார். என்ன பேசினாரோ, வெறுங்கையோடு போனவர் ரசப்பொடி டப்பாவோடு திரும்பினார்.

அன்று ராத்திரி மாடிப்படி விளக்கும் எரிந்தது. குதிரையும் விழுந்தது, கொஞ்சம் மங்கலாக. பக்கத்து நட்சத்திரத்தைச் சுற்றி மட்டும் ஓர் ஒளி வளையம். அது நட்சத்திரத்தின் சொந்த வெளிச்சம், காமிராவின் முன்னுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்புவதாம். அதற்கு ரவிக்கைத் துணியால் பிரயோஜனமில்லை என்று இவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே மணி இரண்டு அடித்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை வந்தான். பதினெட்டுப் படியும் விடுவிடுவென்று ஏறினான்.