சாக்பீஸ் யார் கையில்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கையின் பேத்தி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. "பெரிய ஆயா, த்ரெட் சிங்க்ரனைசேஷன்னு ஒரு பாடம். மனப்பாடமே பண்ணிட்டேன், என்னன்னுதான் புரியல" என்றாள். அந்தப் பேப்பரில் ஏற்கெனவே ஒரு அரியர். தமிழ் மீடியம் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் அவளை உட்காரவைத்து, புத்தகத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே தெரிந்துவிட்டது, இது நம் சத்துணவுப் போர்டு சமாச்சாரம்தான்.

ஒரே புரோகிராம் ஒரே சமயத்தில் பல வேலை செய்கிறது. ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட், அதாவது ஒரு இழை. எல்லா இழைக்கும் நினைவகம் பொது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் பலர், போர்டு ஒன்று என்பது மாதிரி.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் சாப்பிடுகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வராந்தா போர்டில் எழுதுவோம். அதைப் பார்த்துத்தான் அமைப்பாளர் முட்டை எடுப்பார். ஒருநாள் போர்டில் 112. நாலாம் வகுப்பில் 2 பேர் தாமதமாக வந்தார்கள், ஐந்தாம் வகுப்பில் 3 பேர். இரண்டு வகுப்பு ஆசிரியர்களும் அடுத்தடுத்து வந்து 112 என்று பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போய் எண்ணினார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் முதலில் வந்து அழித்துவிட்டு 115 என்று எழுதினார். நாலாம் வகுப்பு ஆசிரியர் மனதில் இன்னும் 112தான். அவர் அழித்துவிட்டு 114 என்று எழுதினார். வரவேண்டியது 117. மூன்று பிள்ளைகளுக்கு முட்டை இல்லை.

இதில் யாருடைய கணக்கும் தப்பில்லை, கவனியுங்கள். 112உம் 3உம் 115தான், 112உம் 2உம் 114தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்ததுதான் வினை. ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். பத்து நாள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பதினோராம் நாள் காலை வாரும் இதற்குப் பெயர்தான் ரேஸ் கண்டிஷன். சோதித்துப் பார்க்கும்போது வராது, ஊரே பயன்படுத்தும்போது வரும்.

மருந்து பூட்டு. போர்டுக்கு ஒரே ஒரு சாக்பீஸ், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் போர்டைத் தொடலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். புத்தகத்தில் இதை மியூட்டெக்ஸ் என்கிறார்கள். பேத்தி தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்தது: சாக்பீஸை எப்போது எடுக்க வேண்டும்? எழுதும்போது என்றாள். இல்லை கண்ணு, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சாக்பீஸுக்குக் காத்திருந்தால், கையில் இருப்பது பழைய 112தானே!

டெட்லாக் அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. ஒருவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு டஸ்டருக்குக் காத்திருக்கிறார், இன்னொருவர் டஸ்டரை வைத்துக்கொண்டு சாக்பீஸுக்குக் காத்திருக்கிறார். சாயங்காலம் மணி அடிக்கும் வரை நிற்க வேண்டியதுதான். யாராக இருந்தாலும் முதலில் சாக்பீஸ், பிறகு டஸ்டர் என்று வரிசை வைத்தால் தீர்ந்தது.

இந்தப் பூட்டுகளில் ஒன்றுக்கு செமஃபோர் என்று பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா என்ற அறிஞர் 1960களில் வைத்தது. ரயில்வே கைகாட்டிக்கும் அதே பெயர்தான், அங்கிருந்துதான் எடுத்தார். ரயில்காரர்களுக்கு இது புதிதே இல்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் டிரைவர் வளையத்தோடு ஒரு தோல் பையை வாங்கிக்கொண்டு போவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பையில் ஒரு உலோகக் குண்டு இருக்கும். அந்தக் குண்டை உள்ளே போடும் வரை இரண்டு ஸ்டேஷன் கருவியிலும் அடுத்த குண்டு வெளியே வராது. குண்டு இல்லாமல் ரயில் புறப்படாது. நம் சாக்பீஸேதான்.

நம் பொன்னேரி வழி இரட்டைப் பாதை, குண்டு தேவையில்லை. அதற்கும் வேறொரு பூட்டு உண்டு. பாயிண்ட் எந்தப் பாதைக்குத் திரும்பியிருக்கிறதோ அந்தப் பாதைக்குத்தான் சிக்னல் விழும். 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணி வாக்கில், மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனைத் தாண்டிக் கவரைப்பேட்டைக்குப் போனது. சிக்னல் மெயின் லைனுக்கு. ரயில் போனது லூப் லைனில். அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பலருக்குக் காயம், நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. பாயிண்டின் உறுப்புகள் கழற்றப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. சாக்பீஸ் போர்டருகே கட்டித் தொங்குகிறது, எவனோ சட்டைப்பையிலிருந்து சொந்த சாக்பீஸை எடுத்து எழுதிவிட்டுப் போகிறான். கம்ப்யூட்டர் பூட்டும் அப்படித்தான். பத்து இழைகளில் ஒன்று பூட்டைக் கேட்காமல் உள்ளே புகுந்தாலும், மற்ற ஒன்பதும் கேட்டது வீண்.

முட்டையோடு போகிற விஷயம் இல்லை இது. தெராக்–25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒரு இயந்திரம். பழைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பிச் செய்தார்கள். இயக்குபவர் தப்பாகத் தட்டியதைச் சில விநாடிக்குள் திருத்தினால், இயந்திரத்தின் ஒரு பகுதி புது எண்ணையும் இன்னொரு பகுதி பழைய எண்ணையும் வைத்துக்கொண்டு வேலை செய்யும். 1985இலிருந்து 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள். அதில் சிலவற்றுக்குக் காரணம் இந்த ரேஸ் கண்டிஷன். இதைச் சொன்னபோது பேத்தி பேசவில்லை, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

ஓ.எம்.ஆர் பக்கமும் வெளிநாட்டிலும் இந்த வேலையே பார்க்கிற நம் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த பாடம் கண்டிஷன் வேரியபிள். எங்கள் இருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. நல்ல உதாரணம் இருந்தால் கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அவளும் படிப்பாள்.